அமெரிக்கத் தலைவர்கள் மேடையில் யாரிடம் பேசுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் பேச்சுத் துண்டு வாரம் ஒன்றாவது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. எங்கே என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

அதிபர் ஆண்டுதோறும் காங்கிரஸில் பேசுகிறாரே, அது சட்டப்படி கட்டாயமா?

முதலில் ஒன்று. அங்கே காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, நாடாளுமன்றம். 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்தது.

நாட்டின் நிலைமை பற்றி அதிபர் 'அவ்வப்போது' காங்கிரஸுக்குத் தகவல் தர வேண்டும் என்று மட்டும்தான் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆண்டுதோறும் என்றோ நேரில் என்றோ அதில் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1790 ஜனவரி 8 அன்று நியூயார்க்கில் நேரில் வந்து பேசினார். ஆயிரத்துச் சொச்சம் வார்த்தைகள், அவ்வளவுதான். 1801இல் தாமஸ் ஜெஃபர்சன் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு எழுத்தில் அனுப்பத் தொடங்கினார். அதிபர் மேலே நின்று பேச, உறுப்பினர்கள் கீழே அமர்ந்து கேட்பது இங்கிலாந்து அரசர் பேசுவது மாதிரி இருக்கிறது என்பது அவருடைய கட்சிக்காரர்களின் குறை. அப்புறம் நூறு ஆண்டுக்கும் மேலாக எழுத்துதான். 1913இல் உட்ரோ வில்சன் மறுபடி நேரில் வந்தார்.

இன்று நாம் பார்க்கும் வடிவத்தைத் தந்தது ஒலிபரப்பு. 1923இல் வானொலி, 1947இல் தொலைக்காட்சி. 1965இல் லிண்டன் ஜான்சன் உரையை இரவு நேரத்துக்கு மாற்றினார், வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் இருக்கும் நேரம் என்பதால். 1966 முதல் எதிர்க்கட்சி தனியாக ஒரு பதில் உரையும் தருகிறது. பெரும்பாலும் அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

மேல் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதர்களைக் காட்டிப் பேசுகிறார்களே, அது எப்போது வந்த பழக்கம்?

1982இல், ரொனால்ட் ரேகன் தொடங்கிவைத்தது. அந்த ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு விமானம் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பனி உறைந்த தண்ணீரில் குதித்து ஒரு பெண்ணைக் காப்பாற்றிய லென்னி ஸ்கட்னிக் என்ற அரசு ஊழியரை ரேகன் அழைத்துவந்து உட்காரவைத்தார். இரு கட்சியினரும் எழுந்து கைதட்டினார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வோர் அதிபரும் அதையே செய்கிறார். இன்று அந்த மாடத்தில் யார் உட்காருகிறார் என்பதே ஓர் அரசியல் அறிக்கை.

பாதிப் பேர் எழுந்து எழுந்து தட்டுகிறார்கள், மீதிப் பேர் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன்?

கேமரா யாரைக் காட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். மாற்றுக் கட்சி அதிபருக்கு எழுந்து தட்டிய படம் அடுத்த தேர்தலில் அவர்களுக்கு எதிராகவே பயன்படும். 2025 மார்ச் 4 அன்று டொனால்ட் டிரம்ப் காங்கிரஸில் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார். காங்கிரஸின் முன் ஓர் அதிபர் அதுவரை அவ்வளவு நேரம் பேசியதில்லை. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினர் சிலர் 'பொய்' என்று எழுதிய பலகைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். டெக்சாஸ் உறுப்பினர் ஆல் கிரீன் எழுந்து குரல் கொடுத்து வெளியேற்றப்பட்டார். 2020இல் சபாநாயகர் நான்சி பெலோசி, டிரம்ப் பேசி முடித்ததும் உரையின் பிரதியை அவர் முதுகுக்குப் பின்னாலேயே கிழித்தார். இதெல்லாம் அந்த அறைக்குள் இருப்பவர்களுக்காகச் செய்வது இல்லை.

பேச்சை அவர்களே எழுதுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. லிங்கன் தானே எழுதினார். 1921இல் பதவியேற்ற வாரன் ஹார்டிங் காலத்திலிருந்து அதற்கென்று வெள்ளை மாளிகையில் ஆள் உண்டு. கென்னடிக்கு டெட் சோரன்சன், ரேகனுக்கு பெக்கி நூனன், ஒபாமாவுக்கு ஜான் ஃபாவ்ரோ. இது ஒளிவுமறைவான விஷயமும் இல்லை. இந்த எழுத்தாளர்கள் அங்கே தாங்களே பிரபலங்கள்.

எழுதுவதைவிடப் பெரிய வேலை, எழுதியதை அரசாங்கத்தின் மற்றத் துறைகளிடமிருந்து காப்பாற்றுவது. 1987 ஜூன் 12 அன்று பெர்லினில் "இந்தச் சுவரை இடியுங்கள்" என்று ரேகன் சோவியத் தலைவர் கோர்பசேவைப் பார்த்துச் சொன்ன வரி பீட்டர் ராபின்சன் எழுதியது. வெளியுறவுத் துறையும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களும் அதை நீக்கச் சொல்லிக் கடைசிவரை மல்லுக்கட்டினார்கள். ரேகன் விடவில்லை.

நீக்கியிருக்க வேண்டிய வரி நுழைந்துவிட்ட கதையும் உண்டு. சதாம் உசேன் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றதாக பிரிட்டிஷ் அரசு அறிந்திருக்கிறது என்று 2003 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் தம் உரையில் சொன்னார். ஆங்கிலத்தில் பதினாறே வார்த்தைகள். மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியது. அந்த வரி உரையில் இருந்திருக்கவே கூடாது என்று வெள்ளை மாளிகை ஜூலையில் ஒப்புக்கொண்டது.

டெலிபிராம்ப்டர் (பேச்சாளர் முன் உரையை ஓடவிடும் திரை) நின்றுபோனால்?

1993 செப்டம்பரில் பில் கிளின்டனுக்கு நடந்தது. மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றிக் காங்கிரஸில் பேச நிற்கிறார். திரையில் ஓடுவது அந்த பிப்ரவரியில் பேசிய பழைய உரை. பின்னால் உட்கார்ந்திருந்த துணை அதிபர் அல் கோரிடம் சொல்லிவிட்டு, சரியான உரை ஏற்றப்படும் வரை பல நிமிடங்கள் நினைவிலிருந்தே பேசினார். பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பேச்சு அமோகம். சட்டம் மட்டும் நிறைவேறவில்லை, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

எழுதிவைத்ததை விட்டு விலகியதால் வாழ்ந்த பேச்சு மார்ட்டின் லூதர் கிங்கினுடையது. 1963 ஆகஸ்ட் 28 அன்று அவர் கையில் இருந்த தாளில் 'கனவு' பகுதி இல்லை. பாடகி மஹாலியா ஜாக்சன் அருகிலிருந்து "அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று குரல் கொடுக்க, கிங் தாளை விட்டார்.

முன்பெல்லாம் கண்ணியமாகப் பேசினார்கள், இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது என்கிறார்களே?

பாதி உண்மை.

1858இல் இல்லினாய் மாநிலத்தில் செனட் இடத்துக்காக லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்: முதலில் ஒருவர் ஒரு மணி நேரம், அடுத்தவர் ஒன்றரை மணி நேரம், மறுபடி முதலாமவர் அரை மணி. கூட்டம் நின்றுகொண்டே கேட்டது. அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவலாமா என்ற ஒரே கேள்விதான் மையம். (அந்த இடம் லிங்கனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அதிபர் பதவியே கிடைத்தது.) இன்றைய விவாதங்களில் ஒரு பதிலுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்.

ஆனால் அதே காலத்தின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். 1856 மே மாதம் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் அடிமை முறையை எதிர்த்து இரண்டு நாள் பேசினார். தெற்கு கரோலினாவின் செனட்டர் ஒருவரைத் தனிப்பட்ட முறையிலும் கேவலமாகத் தாக்கிப் பேசினார். மே 22 அன்று, அந்த செனட்டரின் உறவினரான பிரஸ்டன் புரூக்ஸ் என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் செனட் அறைக்குள் வந்து, மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடி உடையும் வரை அடித்தார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகள் ஆயின. புரூக்ஸுக்கு என்ன ஆயிற்று? பதவி விலகினார், சொந்தத் தொகுதி அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தது. உடைந்த தடிக்குப் பதிலாகப் புதிய தடிகளை ஆதரவாளர்கள் பரிசாக அனுப்பினார்கள்.

ஆகவே 'அந்தக் காலம் பொற்காலம்' என்ற கதையை நான் நம்புவதில்லை. அடித்தவரைச் சொந்த ஊர் கொண்டாடியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பேச்சாளரின் வேலையைக் காப்பாற்றவோ பறிக்கவோ கூடியவர் யார் என்று பார்த்தால், அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

அப்படியானால் உண்மையில் மாறியது என்ன?

ஒன்று, கேமரா. 1979இல் பிரதிநிதிகள் சபைக்குள் தொலைக்காட்சி வந்தது. கேமரா சபையின் கட்டுப்பாட்டில் இருந்தது. பேசுபவரை மட்டும்தான் காட்ட வேண்டும் என்பது விதி. நியூட் கிங்ரிச் என்ற இளம் குடியரசுக் கட்சி உறுப்பினர் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டுபிடித்தார். அன்றைய அலுவல் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பேச நேரம் உண்டு. அறை காலி. அவரும் நண்பர்களும் அந்த நேரத்தில் எழுந்து ஜனநாயகக் கட்சியினரைக் கடுமையாகக் குற்றம் சாட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல நிறுத்துவார்கள். வீட்டில் பார்ப்பவருக்கு, எதிர்த்தரப்பு வாயடைத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

1984 மே மாதம் சபாநாயகர் டிப் ஓ'நீலுக்குப் பொறுமை போய்விட்டது. முன்னறிவிப்பில்லாமல் கேமராவைத் திருப்பிக் காலி நாற்காலிகளைக் காட்டச் சொன்னார். சில நாளில் சபையிலேயே இருவரும் மோதினார்கள். காங்கிரஸில் தம் 32 ஆண்டுகளில் இவ்வளவு கீழ்த்தரமானதைப் பார்த்ததில்லை என்றார் ஓ'நீல். அவர் சொன்னது தனிநபர் தாக்குதல் என்று விதிப்படி பதிவிலிருந்து நீக்கப்பட்டது. சபாநாயகருக்கே இது நேர்ந்ததால் செய்தி நாடு முழுக்கப் போனது, கிங்ரிச்சின் பெயரும் கூடவே போனது. 1995இல் அதே சபாநாயகர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

இரண்டு, ஊடகம். சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்று 1949 முதல் இருந்த விதியை ஒலிபரப்பு ஆணையம் 1987இல் கைவிட்டது. அடுத்த ஆண்டே பழமைவாதப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியது. 1996இல் ஃபாக்ஸ் நியூஸ், எம்.எஸ்.என்.பி.சி. என்ற கேபிள் செய்திச் சேனல்கள் வந்தன. அந்த விதி கேபிள் சேனல்களைக் கட்டுப்படுத்தியதே இல்லை என்பதால் எல்லாப் பழியையும் அதன் நீக்கத்தின் மேல் போடுவது சரியில்லை.

மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியமானது: கட்சிகளே இடம் மாறின. இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் 73–27 என்று நிறைவேறியபோது ஆதரித்தவர்களில் 46 பேர் ஜனநாயகக் கட்சி, 27 பேர் குடியரசுக் கட்சி. எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், பெரும்பாலும் தென் மாநிலத்தவர். அன்று ஒரு செனட்டர் பேச எழுந்தால் எதிர்வரிசையில் தம் பக்கம் இழுக்கக்கூடிய பத்துப் பேராவது இருந்தார்கள். தெற்கின் பழமைவாதிகள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள், வடக்கின் மிதவாதக் குடியரசுக் கட்சியினர் தேய்ந்தார்கள். 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட விழவில்லை. 2017இல் டிரம்ப்பின் வரிச் சட்டத்துக்கு ஒரு ஜனநாயகக் கட்சி வாக்குகூட விழவில்லை. எதிரே மனம் மாறக்கூடியவர் யாரும் இல்லையென்றால் எதற்காக வாதிடுவது?

பிரைமரி, பிரைமரி என்கிறார்களே, அதற்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு?

நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அங்கே கட்சித் தலைமைக்கு அந்த அதிகாரம் இல்லை. யார் வேட்பாளர் என்பதை முடிவு செய்ய வாக்காளர்களே முதலில் ஒரு தேர்தலில் வாக்களிக்கிறார்கள். அதுதான் பிரைமரி. காங்கிரஸ் இடங்களுக்கு இது பழைய வழக்கம். அதிபர் வேட்பாளருக்கு முழுமையாக வந்தது 1972இல்தான். 1968இல் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளர் ஆனதும், சிகாகோ மாநாட்டுக்கு வெளியே நடந்த அடிதடியும் அதற்குக் காரணம்.

இப்போது 435 தொகுதிகளில் பெரும்பான்மை ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. எல்லைகளை அப்படி வரைந்துகொள்வதும் ஒரு காரணம். ஒரே மாதிரி எண்ணமுள்ளவர்கள் ஒரே பகுதியில் வாழ்வதும் காரணம். கோட்டையில் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. உண்மையான ஆபத்து பிரைமரியில். அதில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு, வருபவர்கள் தீவிரமானவர்கள்.

2021 ஜனவரியில் டிரம்ப்பைப் பதவிநீக்க விசாரணைக்கு அனுப்ப வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேர். நால்வர் மறுபடி போட்டியிடவில்லை. நால்வர் 2022 பிரைமரியில் தோற்றார்கள். முன்னாள் துணை அதிபரின் மகளும் சபையில் கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவராக இருந்தவருமான லிஸ் செனியும் அதில் ஒருவர். திரும்பி வந்தது இரண்டே பேர். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஓர் உறுப்பினர் மேடையில் நடுநிலையாகப் பேசுவாரா?

இதோடு நன்கொடையும் சேர்ந்துகொள்கிறது. 2009 செப்டம்பரில் ஒபாமா காங்கிரஸில் பேசிக்கொண்டிருந்தபோது ஜோ வில்சன் என்ற உறுப்பினர் "பொய் சொல்கிறீர்கள்!" என்று கத்தினார். சபை கண்டனத் தீர்மானம் போட்டது. ஆனால் சில நாட்களில் அவருக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்தது. அவரை எதிர்த்து நின்றவருக்கும் 10 லட்சத்துக்கு மேல் வந்தது. இரண்டே வார்த்தைக்கு இப்படிப் பணம் கொட்டினால் ஒரு மணி நேரம் வாதிட யாருக்குப் பொறுமை இருக்கும்!

டிரம்ப் பேசுவது ஏன் இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது?

அவரே அதை நெசவு என்கிறார். பல இழைகளை எடுத்துக் கடைசியில் சேர்த்துவிடுகிறாராம். சில சமயம் சேர்கின்றன, பல சமயம் இல்லை. ஆனால் இதை வெறும் உளறல் என்று ஒதுக்குபவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அவர் எழுதிய உரையைப் படித்துக்கொண்டே கூட்டத்தின் எதிர்வினையைக் கவனிக்கிறார். கைதட்டல் விழுந்த வரியை நீட்டுகிறார், விழாததை விட்டுவிடுகிறார். எதிரிகளுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார். வாக்கியங்கள் சின்னவை, வார்த்தைகள் எளியவை. டிரம்ப்பை எனக்குப் பிடிக்காது. அதற்காக அவருடைய மேடைத் திறமையை மறுக்க முடியாது. 2024இல், அதிபரை முடிவு செய்யும் மாநிலவாரித் தேர்வாளர்களின் 538 வாக்குகளில் 312 பெற்று வென்றார்.

2021 ஜனவரி 6 அன்று அவர் பேசியது குற்றமா?

அன்று வெள்ளை மாளிகை அருகே ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். அமைதியாக, தேசபக்தியோடு குரல் எழுப்புங்கள் என்றும் சொன்னார். கடுமையாகப் போராடாவிட்டால் உங்களுக்கு நாடே இருக்காது என்றும் சொன்னார். கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. கலகத்தைத் தூண்டியதாகப் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், தேவைப்பட்டது 67. தப்பினார்.

நீதிமன்றத்தில் இன்னும் கடினம். 1969இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் தலைவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இன்றும் நிற்கிறது: உடனடியாகச் சட்டமீறலை உண்டாக்கும் நோக்கத்தோடு பேசியிருக்க வேண்டும், அது நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 2020 தேர்தல் முடிவைக் கவிழ்க்க முயன்றதாக 2023இல் டிரம்ப் மேல் போட்ட வழக்கில்கூட 'தூண்டுதல்' என்ற குற்றச்சாட்டு இல்லை. அவர் மறுபடி வென்றதும் அந்த வழக்கும் கைவிடப்பட்டது.

25 மணி நேரம் ஒருவர் நின்றே பேசினார் என்பது நிஜமா?

நிஜம். நியூ ஜெர்சி செனட்டர் கோரி புக்கர், 2025 மார்ச் 31 மாலை தொடங்கி 25 மணி 5 நிமிடம். உட்காரக் கூடாது, அறையை விட்டுப் போகக் கூடாது. அதற்காகச் சில நாள் முன்பே உணவை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அதற்கு முந்தைய சாதனை 1957இல் ஸ்ட்ரோம் தர்மண்ட் பேசிய 24 மணி 18 நிமிடம். கறுப்பினத்தவரின் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து. அந்தச் சாதனையை ஒரு கறுப்பின செனட்டர் முறியடித்ததில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது. இத்தனைக்கும் புக்கர் எந்த மசோதாவையும் தடுக்கவில்லை. மசோதாவை முடக்க இன்று இவ்வளவு மெனக்கெடத் தேவையும் இல்லை: விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும், அது இல்லையென்றால் யாரும் வாய் திறக்காமலே மசோதா நின்றுவிடும்.

ஒரு பேச்சு தேர்தலை மாற்றுமா?

ஆளை உருவாக்கும், தேர்தலை மாற்றுவது அபூர்வம். 1896இல் 36 வயது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஒரே பேச்சால் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார். தேர்தலில் தோற்றார், அதன் பிறகும் இரண்டு முறை தோற்றார். 2004 பாஸ்டன் மாநாட்டில் பேசும்போது ஒபாமா ஒரு மாநில மேலவை உறுப்பினர். நான்கே ஆண்டில் அதிபர். 1979 ஜூலையில் நாட்டின் தன்னம்பிக்கைச் சரிவைப் பற்றி ஜிம்மி கார்ட்டர் பேசியது முதலில் நல்ல வரவேற்பைப் பெற்றது. இரண்டு நாளில் அமைச்சரவை முழுவதையும் ராஜினாமா கடிதம் கேட்டார், ஆதரவு கரைந்தது. கெட்ட பேச்சுக்குத்தான் பலம் அதிகம் போல. 2024 ஜூன் 27 விவாதத்தில் ஜோ பைடன் தடுமாறினார், ஜூலை 21இல் போட்டியிலிருந்தே விலகினார்.

தோற்றவர் பேசும் உரைக்குச் சட்ட மதிப்பு உண்டா?

இல்லை, வழக்கம்தான். 1896இல் பிரையன், தம்மை வென்ற மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பியதிலிருந்து வருவது. 2000இல் ஃபுளோரிடாவில் 537 வாக்கில் தோற்ற அல் கோர், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே அதை ஏற்றார். 2008இல் ஒபாமா பெயரைச் சொன்னதும் ஊளையிட்ட தம் ஆதரவாளர்களை ஜான் மெக்கெய்ன் கையமர்த்தினார். 2020இல் டிரம்ப் அந்த உரையை ஆற்றவில்லை. 2024இல் கமலா ஹாரிஸ் மறுநாளே ஆற்றினார். 2025 ஜனவரி 6 அன்று துணை அதிபராகத் தம் தோல்வியைத் தாமே அவையில் அறிவித்தார். எனக்கு அமெரிக்க மேடைப் பேச்சிலேயே மிகவும் பிடித்த வகை இதுதான். வாக்குக் கேட்கும் கட்டாயம் அதில் இல்லை.

கமலா ஹாரிஸ் தம் பேச்சில் 'சித்தி' என்றாரே?

ஆமாம், 2020 ஆகஸ்டில், துணை அதிபர் வேட்பாளராகப் பேசியபோது. தாயார் சியாமளா கோபாலன் சென்னைக்காரர். தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். கொரோனாவால் அரங்கம் கிட்டத்தட்டக் காலி. நம் ஊரில் கொண்டாடினோம், சரி. ஆனால் அவர் கண் முன்னால் இருந்தது அங்கே வாக்குரிமை உள்ள இந்தியர்கள்.

முழுப் பேச்சுகளை எங்கே பார்க்கலாம், எதிலிருந்து தொடங்கலாம்?

காங்கிரஸ் நிகழ்வுகளுக்கு சி-ஸ்பான் காப்பகம். அதிபர் உரைகளுக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம். இரண்டும் இலவசம். சேலஞ்சர் விண்கலம் வெடித்த 1986 ஜனவரி 28 மாலை ரேகன் பேசியதில் தொடங்கலாம், நூனன் எழுதியது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்புறம் மெக்கெய்னின் 2008 தோல்வி உரை. அதற்குப் பிறகு பொறுமை இருந்தால் டிரம்ப்பின் பிரசாரக் கூட்டம் ஒன்றை வெட்டாமல் முழுதாக; தாராளமாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.